சோறு பிசையப் பழகிய கோடை

முதலில் தகராறு செய்தது சாவிதான். மும்பையில் செம்பூர் ஸ்டேஷனில் இறங்கி வீடு வரை நடந்து, மாடியேறி, கதவுக்கு முன்னால் நின்று பேண்ட் பைக்குள் வலது கையை விட்டால், உள்ளே தட்டுப்படுவது சாவியா சில்லறையா என்று விரல்களுக்குத் தெரியவில்லை. இருப்பதையெல்லாம் அள்ளி வெளியே எடுத்து, கண்ணால் பார்த்துத்தான் பொறுக்க வேண்டியிருந்தது. வயசாகிறது என்று நினைத்தேன். கண்ணாடியை மாற்றுங்கள் என்றாள் மனைவி. பைக்குள் கையை விடுவதற்கும் கண்ணாடிக்கும் என்ன சம்பந்தம் என்று அவள் மேல் எரிந்து விழுந்தேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அதற்கும் கட்டிக்கும் சம்பந்தம் இல்லை என்று டாக்டர் பிறகு சொன்னபோது, அவள் முகத்தில் கொஞ்சம் ஏமாற்றம் தெரிந்தது.

கட்டி இருந்தது மண்டைக்குள், இடது பக்கம், உச்சிக்குக் கொஞ்சம் கீழே. குர்லா பிளாட்பாரத்தில் ஒருநாள் வலிப்பு வந்து விழுந்தபிறகுதான் அது தெரியவந்தது. நல்ல ஜாதிக் கட்டி, பரவாது, எடுத்துவிடலாம் என்றார்கள். தலைக்குள் உட்கார்ந்திருப்பதில் நல்ல ஜாதி என்ன, கெட்ட ஜாதி என்ன என்று எனக்குத் தோன்றியது. ஆனாலும் அந்த வார்த்தையைக் கேட்டு மனைவி ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே கண்ணை மூடி ஜெபம் பண்ணினாள். எடுத்தார்கள். பிழைத்தேன். அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன்.

மிச்சமாக நின்றது வலது கை. கால் முதலில் இழுத்துக்கொண்டு போனாலும் நாள்பட நாள்பட வழிக்கு வந்துவிட்டது. கையின் விரல்களும் சொன்னால் மடங்கின, சொன்னால் விரிந்தன. ஆனால் எதைத் தொட்டாலும் தடித்த கையுறைக்கு மேலாகத் தொடுவதுபோல இருந்தது. கண்ணை எடுத்தால் கை தன்பாட்டுக்கு எங்கோ போய்விடும். டீ கிளாஸைப் பிடித்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தால் கிளாஸ் கீழே கிடக்கும்.

என் கையை நம்பி என்னைவிட அதிகமாகக் காத்திருந்தவள் என் மனைவி. கோவண்டியில் ஒரு தனியார் பள்ளியில் அவள் கேஜி டீச்சர். வருடக்கணக்காக ஒப்பந்தத்திலேயே வைத்திருந்தார்கள். ஜூனில் பள்ளி திறக்கும்போது பெர்மனென்ட் ஆக்குவதாக அந்த வருடம்தான் சொல்லியிருந்தார்கள். என் ஆபரேஷனுக்காக அவள் போட்ட லீவு கோடை விடுமுறையோடு போய்ச் சேர்ந்துகொண்டது. பள்ளி திறக்கும் அன்று வகுப்பில் நின்றால் வேலை அவளுக்கு; இல்லாவிட்டால் அந்த இடத்துக்கு வேறு ஆள் தயாராக இருந்தது. பிள்ளைகள் இருவரும் வெளியூரில் வேலையில் இருந்தார்கள். என்னைப் பார்த்துக்கொள்ள ஆள் வைக்கலாம்தான். ஆனால் வேற்று ஆள் கையால் வாயில் சோறு வாங்க எனக்கு மனம் ஒப்பவில்லை, என்னை வேற்று ஆளிடம் விட்டுவிட்டுப் போக அவளுக்கு மனம் ஒப்பவில்லை. ஆக, ஜூனுக்குள் நான் பகல் முழுவதும் தனியாக இருக்கத் தேறவேண்டும். இல்லையென்றால் அவள் வேலை போய்விடும்.

ஆஸ்பத்திரியின் மறுவாழ்வுப் பிரிவுக்கு வாரந்தோறும் போனோம். ஒரு அறையில் பிசியோதெரபி. அங்கே இருந்தவர் என்னைக் கோட்டின் மேல் நடக்கவைப்பார், மரப்படி ஏறி இறங்கவைப்பார். அடுத்த அறையில் ஆக்குபேஷனல் தெரபி. அந்தப் பெயரைக் கேட்டதும், ஆபீஸ் வேலை எனக்கு நன்றாகவே தெரியும், அதைச் சொல்லித்தர ஒருத்தர் வேண்டாம் என்றேன். அங்கே இருந்த மராத்திப் பெண் சிரித்துவிட்டு, பட்டன் போடுவது, தலை சீவுவது, குளிப்பது, சாப்பிடுவது, இதுதான் இங்கே வேலை என்று இந்தியில் சொன்னாள். என் மகள் வயதுதான் இருக்கும். என்னை அங்கிள் என்றும் என் மனைவியை ஆன்ட்டி என்றும் கூப்பிட்டாள். மென்மையாகப் பேசுவாள், ஆனால் ஒரு பட்டனைக்கூட நமக்காகப் போட்டுவிடமாட்டாள்.

ராஜ்மா நிரப்பிய ஒரு டப்பாவுக்குள் சாவி, சீப்பு, மூடி என்று எதையாவது புதைத்துவைத்து, பார்க்காமல் எடுக்கச் சொல்வாள். நான் சீப்பு என்று அடித்துச் சொல்லி மூடியை எடுத்து நீட்டுவேன். பிசுபிசுவென்று ஒரு உருண்டையைக் கொடுத்து அமுக்கச் சொல்வாள். சப்பாத்தி மாவுதானே, இதை ஏன் ஆஸ்பத்திரியில் பிசையவேண்டும் என்று கேட்டேன். வீட்டில் பிசைவீர்களா என்று கேட்டாள். என் மனைவி என்னை முந்திக்கொண்டு, "கபி நஹி", ஒருநாளும் இல்லை, என்றாள். இருவரும் சேர்ந்து சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஏப்ரலில் ஒருநாள் அந்தப் பெண் தன் டிபன் டப்பாவிலிருந்து ஒரு சப்பாத்தியை எடுத்து என் தட்டில் வைத்தாள். இடது கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு வலது கையால் பிய்த்து, உருளைக்கிழங்கு பாஜியைக் கிள்ளி எடுத்து வாயில் வைத்தேன். கீழே சிந்தவில்லை. அடுத்த துண்டும் சிந்தவில்லை. அவள் கைதட்டினாள். பிடி தடிமனாக்கிய ஒரு ஸ்பூனையும் தந்திருந்தாள். அதாலும் உப்புமா தின்று காட்டினேன். சாப்பிடுவது முடிந்தது, இனி குளியல் என்று சொல்லிவிட்டாள். வரும் வழியில் ஆட்டோவில் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

இதில் எங்கள் மூன்று பேருக்குமே ஒரு விஷயம் தோன்றவில்லை. அந்தப் பெண் சப்பாத்தி தின்று வளர்ந்தவள். சாப்பிடுவது என்றால் அவள் மனதில் பிய்ப்பதும் கிள்ளுவதும்தான். நாங்கள் இரண்டு வேளையும் சோறு தின்கிறவர்கள். வீட்டில் எனக்குச் சோறு எப்படி வந்தது என்றால், மனைவி தட்டில் போட்டு, குழம்பு ஊற்றி, பிசைந்து, மீனில் முள் எடுத்து, எல்லாவற்றையும் ஒரு பதத்துக்குக் கொண்டுவந்து என் முன்னால் வைப்பாள். நான் ஸ்பூனால் அள்ளிப் போட்டுக்கொள்வேன். ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த அன்று தொடங்கிய பழக்கம். யாரும் அதைக் கவனிக்கவே இல்லை. நானாகவே சாப்பிடுகிறேன் என்று அவளும் நம்பினாள், நானும் நம்பினேன்.

அது உடைந்தது எங்கள் கோயில் அசனத்தில். எங்கள் குடும்பங்கள் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தாராவியில் குடியேறியவை. நாங்கள் செம்பூருக்கு வீடு மாறினாலும் ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குத் தாராவி சர்ச்சுக்குத்தான் போவோம். வருடத்துக்கு ஒருமுறை கோயிலில் எல்லாருக்கும் பந்தி வைத்து ஆட்டுக்கறிக் குழம்பும் சோறும் போடுவார்கள். அதுதான் அசனம். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். பந்தியில் உட்காருமுன் என் மனைவி அந்தத் தடிப்பிடி ஸ்பூனை என் சட்டைப் பையில் செருகிவிட்டுப் போனாள்.

இலையில் சோறு விழுந்தது. வாளியிலிருந்து குழம்பு ஆவி பறக்க விழுந்தது. சுற்றி எத்தனையோ கைகள் பிசைந்துகொண்டிருந்தன. அந்த ஸ்பூனை எடுக்க எனக்குக் கூசியது. கட்டி வந்து பிழைத்தவன் என்று ஏற்கெனவே எல்லாரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சப்பாத்தி தின்றவனுக்குச் சோறு தின்ன முடியாதா என்று கையை இலையில் வைத்தேன்.

பிசையவே வரவில்லை. விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கரண்டிபோல நின்றன. குழம்பு ஒரு பக்கம் ஓடியது, சோறு மறுபக்கம் போனது. நான் விடவில்லை. கையைக் குழம்புக்குள் ஊன்றி, அள்ளி, பாதியை மடியில் சிந்தி, மீதியைத் தின்றேன். பக்கத்தில் இருந்தவர் தன் விரல்களை ஊதிக்கொண்டே என்னைப் பார்த்து, "அண்ணாச்சி, இவ்வளவு சூட்டுல எப்படிக் கை வெக்கிய?" என்றார்.

"நமக்குச் சூடெல்லாம் ஒரு கணக்கா?" என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

சாயங்காலம் வீட்டில் மனைவிதான் பார்த்தாள். வலது கையின் விரல் நுனிகளில் கொப்புளம் போட்டிருந்தது. வெந்துபோனது எனக்குத் தெரியவே இல்லை. அவள் மருந்து தடவினாள். தடவுவதும் எனக்குத் தெரியவில்லை, பார்த்துக்கொண்டிருந்தேன். மூடியைத் திருகி மூடிவிட்டு, "நான் வேலைய விட்டுருதேன்" என்றாள்.

"என்னத்துக்கு? ஒரு கொப்புளத்துக்கா?"

"கைய வேக வெச்சிட்டுச் சிரிச்சிக்கிட்டு இருந்திருக்கிய. இத வீட்டுல தனியா விட்டுட்டு நான் அங்கன போயி ஏ ஃபார் ஆப்பிள் சொல்லிக்கிட்டு இருக்கவா?"

நான் கத்தினேன். இத்தனை வருடம் காத்திருந்த வேலையை என் பெயரைச் சொல்லி விடாதே, நாளைக்கு என்னைத்தான் குத்திக் காட்டுவாய் என்றேன். குத்திக் காட்டமாட்டேன் என்று அவளும் கத்தினாள். பிறகு மெதுவாக, "எனக்குப் பயமா இருக்கு" என்றாள். எனக்கும் பயமாகத்தான் இருந்தது. அதைச் சொல்லியிருக்கலாம், வாயில் வரவில்லை.

அடுத்த தடவை போனபோது அந்தப் பெண் கொப்புளங்களைப் பார்த்துப் பதறிவிட்டாள். சாப்பிட்டதில் வந்தது என்றதும் அவளுக்குப் புரியவில்லை. சப்பாத்தியில் எப்படி இவ்வளவு சுடும் என்றாள். சோறு என்றேன். அவள் நெற்றியில் அடித்துக்கொண்டு, "அரே, நான் கேட்கவே இல்லையே" என்றாள். புண் ஆறியதும் வீட்டில் சாப்பிடுவது அப்படியே வரவேண்டும், ஒன்றையும் மாற்றவேண்டாம் என்று சொல்லி அனுப்பினாள்.

கொப்புளம் ஆறி, டிபன் கேரியரோடு போனோம். சோறு, பருப்புக் குழம்பு, வாழைக்காய்ப் பொரியல். அந்தப் பெண் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ம், நடக்கட்டும் என்றாள். மனைவி தட்டை வைத்தாள், சோற்றைப் போட்டாள், குழம்பை ஊற்றினாள். வழக்கம்போல அவள் கை தட்டுக்குள் போய்ப் பிசையத் தொடங்கியது. "ஆன்ட்டி, ருக்கோ" என்று அந்தப் பெண் எட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

மனைவி திகைத்துப்போய்ப் பார்த்தாள். அந்தப் பெண், நான் இந்த அறையில் அங்கிளுக்குக் கொடுக்கும் பயிற்சியெல்லாம் இதுதான், அமுக்குவது, உருட்டுவது, விரலைப் பிரித்துச் சேர்ப்பது, எல்லாம் இந்தத் தட்டிலேயே இருக்கிறது, அதை இவ்வளவு நாளாக நீங்கள் செய்துவிட்டீர்கள் என்றாள். ஆக, இத்தனை மாதமாகத் தெரபி நடந்தது என் மனைவியின் கைக்குத்தான். அதைச் சொல்லி நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை, கண் கலங்கிவிட்டது. பாசமாகச் செய்ததைத் தப்பு என்று சொன்னால் யாருக்குத்தான் வலிக்காது? அந்தப் பெண்ணுக்கும் அது தெரிந்திருக்கவேண்டும். மணிக்கட்டை விடாமலே, தப்பு என்னுடையதும்தான் ஆன்ட்டி என்றாள்.

அன்றிலிருந்து வீட்டில் புதிய சட்டம் வந்தது. ஓரம் உயர்ந்த தட்டு; அது நகராமலிருக்க அடியில் ஈரத்துணி. எதையும் தொடுமுன் இடது கை மணிக்கட்டை ஆவியில் காட்டிச் சூடு பார்க்கவேண்டும். விரல்களுக்குத் தெரியாததைக் கண் சொல்லித்தரவேண்டும், அதனால் சாப்பிடும்போது டிவி கூடாது, பேச்சும் கூடாது. பிசியோதெரபிக்காரர் தன் பங்குக்கு, கால் தரையில் பதிய, முதுகு நிமிர்ந்து உட்கார்ந்தால்தான் தோள் நிற்கும், தோள் நின்றால்தான் கை நிற்கும் என்றார். முதலில் தயிர்ச் சோறு. அது கெட்டியாக இருப்பதால் சொன்னபடி கேட்கும். பிறகு பருப்பு, பிறகு குழம்பு. ரசம் கடைசிக்கு.

மே மாத வெக்கையில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து தட்டோடு மல்லுக்கட்டினேன். பிசைவது எவ்வளவு வேலை என்று அதற்கு முன் எனக்குத் தெரியாது. கட்டைவிரல் தள்ளவேண்டும், மற்ற விரல்கள் வாங்கிக்கொள்ளவேண்டும், உள்ளங்கை அமுக்கவேண்டும், அமுக்கியது கூழாகிவிடக் கூடாது. பாதிச் சாப்பாட்டில் கை சோர்ந்து தட்டிலேயே படுத்துவிடும். சோறு ஆறி விறைத்துப்போகும். எனக்குக் கோபம் வந்து தட்டைத் தள்ளிய நாள்களும் உண்டு. தள்ளிய தட்டைத் திரும்ப என் பக்கம் இழுப்பதும் பயிற்சிதான் என்று மனைவி அந்தப் பெண்ணின் குரலில் சொல்வாள்.

நான் திணறுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பதுதான் அவளுக்கு ஆகாத காரியம். எதிரே உட்கார்ந்தால் அவள் விரல்கள் மேசைமேல் தானாக அசையும். அதனால் நான் தட்டை எடுத்ததும் எழுந்துபோய் ஜன்னல் கம்பியில் துணி காயப்போடுவாள். காய்ந்த துணியையே எடுத்து மறுபடி உதறிப் போட்டதையும் பார்த்திருக்கிறேன். முதுகைக் காட்டிக்கொண்டே, "ஆச்சா?" என்பாள். "ஆகல" என்பேன். அவளிடம் அந்த நாட்களில் எனக்கு இருந்த அன்பு, கல்யாணமான புதிதில்கூட இருந்ததில்லை. வெளியே சொன்னதில்லை. இங்கே சொல்லிவிடுகிறேன்.

ஜூன் நெருங்கியது. குளிப்பது வந்துவிட்டது, கதவு திறப்பது வந்துவிட்டது, குழம்புச் சோறு பாதிச் சிந்தலோடு வந்துவிட்டது. அவள் மட்டும் வேலையைப் பற்றி வாயே திறக்கவில்லை. நான் கேட்டால், பார்க்கலாம் என்பாள். பள்ளி திறப்பதற்கு முந்திய வாரம் அந்தப் பெண்ணிடமே போய், நான் வேலைக்குப் போகலாமா என்று கேட்டாள். என்னைக் கேட்காதீர்கள் ஆன்ட்டி, ஒருநாள் போய்ப் பாருங்கள், சாயங்காலம் வந்து தட்டைக் கேளுங்கள் என்றாள் அவள்.

பள்ளி திறந்த அன்று நல்ல மழை. அவள் இஸ்திரி போட்ட புடவை கட்டி, குடையை எடுத்து, நாலு தடவை வாசல்வரை போய் நாலு தடவை திரும்பி வந்தாள். கேஸைத் தொடவேண்டாம். போனைக் கையிலேயே வைத்திருக்கவேண்டும். பாத்ரூமில் தாழ் போடவேண்டாம். செம்பூரிலிருந்து கோவண்டி அடுத்த ஸ்டேஷன்தான். அவள் கிளம்பிய விதத்தைப் பார்த்தால் துபாய்க்குப் போகிறவள் போலிருந்தது.

மதியம் மேசைக்கு வந்தேன். ஒரு டப்பா மூடிவைத்திருந்தது. திறந்தேன். உள்ளே ஒரு பக்கம் குழம்புச் சோறு, ஒரு பக்கம் தயிர்ச் சோறு. இரண்டும் பிசைந்து வைத்திருந்தது. மீனில் முள் எடுத்து உதிர்த்து ஓரத்தில் வைத்திருந்தாள். பக்கத்தில் தடிப்பிடி ஸ்பூன்.

எனக்கு வந்த கோபத்துக்கு அந்த நேரத்தில் அவள் எதிரில் இல்லாதது நல்லதாகப் போயிற்று. பிறகு, அதை அவள் எப்போது செய்திருப்பாள் என்று யோசித்தேன். விடியற்காலையில், நான் எழும் முன்பு, நான் பார்த்துவிடக் கூடாதென்று சத்தமில்லாமல் பிசைந்திருப்பாள். கோபம் இறங்கிவிட்டது. ஸ்பூனை எடுத்து அதையே சாப்பிட்டிருக்கலாம். யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் இன்று அதைச் சாப்பிட்டால் நாளையும் அவள் பிசைந்துவைப்பாள், பள்ளியில் உட்கார்ந்து என் தட்டையே நினைத்துக்கொண்டிருப்பாள், ஒரு மாதத்தில் வேலையை விட்டுவிடுவாள். அவளை எனக்குத் தெரியும்.

டப்பாவை மூடினேன். அடுக்களையில் குக்கரில் மீதிச் சோறு இருந்தது, சட்டியில் குழம்பு இருந்தது. சட்டியைத் தூக்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. தட்டைச் சட்டிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்து, கரண்டியால் மாற்றினேன். மேடையில் கொஞ்சம் சிந்தியது. இடது மணிக்கட்டைக் காட்டினேன், ஆறித்தான் இருந்தது. தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு மேசைக்கு வந்தேன். சட்டையில் மஞ்சள் கறை. உட்கார்ந்து, முதுகை நிமிர்த்தி, கண்ணைத் தட்டில் வைத்துப் பிசைந்தேன். வெளியே மழை விட்டுத் திரும்பப் பிடிக்கும்வரை சாப்பிட்டேன். வயிறு நிறைந்தது.

போன் வந்தது. பின்னால் பிள்ளைகளின் கூச்சல். "சாப்ட்டியளா?"

"சாப்ட்டேன்."

"கை ஒண்ணும் ஆவலயே?"

"ஆவல. நீ சாப்ட்டியா?"

"ம்" என்று வைத்துவிட்டாள்.

சாயங்காலம் நனைந்த புடவையோடு உள்ளே வந்ததும் மேசையைத்தான் பார்த்தாள். டப்பாவைத் திறந்தாள். வைத்தது வைத்தபடி இருந்தது. முகம் அப்படியே விழுந்துவிட்டது. "பொய் சொன்னியளா? பட்டினியா கெடந்தியளா?"

நான் அடுக்களையைக் காட்டினேன். போய்ப் பார்த்தாள். மேடையில் குழம்பு, தரையில் சொட்டுச் சொட்டாக மேசைவரை குழம்பு, தொட்டியில் நான் பாதி கழுவிப் போட்ட தட்டு. வந்து என் சட்டையைப் பார்த்தாள், என் வலது கையை எடுத்து விரல் விரலாகத் திருப்பிப் பார்த்தாள். ஒன்றும் ஆகியிருக்கவில்லை. அவள் தோளிலிருந்து பையை வாங்கினேன். கனமாக இருந்தது. உள்ளே அவளுடைய டிபன், மூடி திறக்காமல். ம் என்று சொல்லி வைத்தவள் ஒரு பருக்கைகூடத் தின்றிருக்கவில்லை.

"உக்காரு" என்றேன். ஈரப் புடவையோடு நாற்காலியில் உட்கார்ந்தாள். அடுக்களையிலிருந்து வெறும் சோறும் குழம்பும் ஒரு தட்டில் கொண்டுவந்து, எதிரே உட்கார்ந்து பிசைந்தேன். மெதுவாகத்தான் வந்தது. அவள் எழுந்து துணி காயப்போடப் போகவில்லை. மேசைமேல் அவள் கை அசையாமல் இருந்தது. ஒரு கவளம் உருட்டி, பிள்ளைகளுக்குக் கொடுப்பதுபோல அவள் உள்ளங்கையில் வைத்தேன். என் விரல் அவள் உள்ளங்கையைத் தொட்டது எனக்குத் தெரியவில்லை. தொடுவதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

கவளம் உடைந்து அவள் விரலிடுக்கில் வழிந்தது. அப்படியே வாயில் போட்டு மென்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, கையை மறுபடி நீட்டினாள்.

"நாளைக்குச் சோறு தனியா, கொழம்பு தனியா வெச்சிட்டுப் போறேன்" என்றாள்.